தரங்கம்பாடி மிஷனும் ஐரோப்பிய ஆதரவு அமைப்புகளும்

தரங்கம்பாடி மிஷன் அல்லது டேனிய-ஹாலே மிஷன் என்பது 1706 ஆம் ஆண்டில் தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் உள்ள தரங்கம்பாடியில் தொடங்கப்பட்ட லுத்தரன் சமயப்பணி அமைப்பு ஆகும். இந்தியாவின் முதல் சீர்திருத்தக் கிறித்தவ மிஷன் இதுவேயாகும். டென்மார்க் அரசர் இதைத் தொடங்கி வைத்தார். செருமனியின் ஹாலே நகரில் இருந்த கல்வி நிறுவனங்கள் ஆட்களைப் பயிற்றுவித்து அனுப்பின. இங்கிலாந்தின் ஆங்கிலிக்கச் சங்கம் ஒன்று பணமும் அச்சுப்பொறியும் தாளும் வழங்கியது. மூன்று நாடுகளையும் இரண்டு திருச்சபை மரபுகளையும் சேர்ந்தவர்கள், தாம் ஒருபோதும் காணாத ஓர் ஊரின் பணியை ஒரு நூற்றாண்டுக்கு மேல் தாங்கி நின்றமை இதன் சிறப்பியல்பு ஆகும்.

தமிழ் அச்சுக்கலை, அகராதி, பள்ளிக்கல்வி ஆகியவற்றின் வரலாற்றில் இம்மிஷனுக்குத் தனி இடம் உண்டு. இக்கட்டுரை, இம்மிஷனுக்கான உதவி ஐரோப்பாவில் எவ்வாறு திரட்டப்பட்டது, எவ்வழியாக வந்து சேர்ந்தது, அதனால் விளைந்த நன்மைகளும் சிக்கல்களும் யாவை என்பவற்றை விளக்குகிறது.

பின்னணி

டேனியக் கிழக்கிந்தியக் கம்பனி 1616 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. 1620 ஆம் ஆண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கருடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி தரங்கம்பாடி டேனியர் வசமானது. அங்கு அவர்கள் டான்சுபோர்க் என்னும் கோட்டையைக் கட்டினர். எனினும் அடுத்த எண்பத்தைந்து ஆண்டுகளில் உள்ளூர் மக்களிடையே சமயப்பணி செய்யக் கம்பனி எவ்வித அக்கறையும் காட்டவில்லை. கோட்டையில் இருந்த டேனிய குருமார்கள் ஐரோப்பியர்களுக்கு மட்டுமே வழிபாடு நடத்தினர்.

1699 ஆம் ஆண்டில் அரியணை ஏறிய டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக், தம் ஆட்சிக்குட்பட்ட கடல் கடந்த பகுதிகளுக்கு மிஷனரிகளை அனுப்ப விரும்பினார். இப்பொறுப்பு அரசவைக் குருவான பிரான்சு யூலியசு லுட்கென்சிடம் ஒப்படைக்கப்பட்டது. டென்மார்க்கில் தகுந்த ஆட்கள் கிடைக்காமையால் அவர் செருமனியில் தமக்கு அறிமுகமான பயட்டிச வட்டாரத்தினரை நாடினார். பயட்டிசம் என்பது சடங்குகளையும் கோட்பாட்டு விவாதங்களையும் விடத் தனிமனித பக்திக்கும் நற்செயலுக்கும் முதன்மை அளித்த லுத்தரன் மறுமலர்ச்சி இயக்கம் ஆகும். அவ்வட்டாரத்தில் இருந்து தெரிவு செய்யப்பட்டவர்களே பார்த்தலோமேயு சீகன்பால்க், ஐன்ரிக் புளுட்சோ ஆகிய இருவரும் ஆவர்.

இவர்கள் 1705 நவம்பர் 29 அன்று கோபன்ஹேகனில் இருந்து சோபியா எட்விக் என்னும் கப்பலில் புறப்பட்டு 1706 சூலை 9 அன்று தரங்கம்பாடியை அடைந்தனர். பயணம் ஏழு மாதங்களுக்கு மேல் நீடித்தது. ஒரு கடிதம் ஐரோப்பாவுக்குப் போய் மறுமொழி வந்து சேர ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும் என்பதை இதிலிருந்து உணரலாம். இம்மிஷனின் நிதி, நிர்வாகம், கருத்து வேறுபாடுகள் ஆகிய அனைத்தையும் புரிந்துகொள்ள இக்கால இடைவெளியை மனத்தில் கொள்வது தேவை.

ஆதரவின் மூன்று மையங்கள்

கோபன்ஹேகன்

மிஷனின் சட்டபூர்வமான உரிமையாளர் டேனிய அரசர் ஆவார். மிஷனரிகள் அரசரின் ஆணையைப் பெற்றவர்கள். அவர்களுக்கான ஊதியமும் அரசரிடமிருந்தே வந்தது. பின்னர் அஞ்சல் துறை வருவாயிலிருந்து ஆண்டுதோறும் 2000 ரிக்சுடாலர் மிஷனுக்கு ஒதுக்கப்பட்டது. தனியார் நன்கொடைகள் கூடியும் குறைந்தும் வந்த நிலையில் இந்த நிலையான தொகையே மிஷனின் அடித்தளமாக அமைந்தது.

1714 ஆம் ஆண்டில் மிஷன் பணிகளை மேற்பார்வையிடக் கோபன்ஹேகனில் மிஷன் ஆட்சிக்குழு ஒன்று நிறுவப்பட்டது. மிஷனரிகளை நியமித்தல், கணக்குகளைச் சரிபார்த்தல், டேனியக் கம்பனியுடன் எழும் சிக்கல்களைத் தீர்த்தல் ஆகியன இதன் பணிகளாக இருந்தன. வட நோர்வேயின் சாமி மக்களிடையேயும், 1721 ஆம் ஆண்டில் ஆன்சு எகெடே தொடங்கிய கிரீன்லாந்துப் பணியிலும் இக்குழுவே பொறுப்பு வகித்தது.

ஹாலே

ஹாலே நகரில் ஆகசுட்டு எர்மன் பிராங்கே (1663-1727) என்னும் இறையியலாளர் 1695 ஆம் ஆண்டில் ஏழைக் குழந்தைகளுக்கான பள்ளி ஒன்றைத் தொடங்கினார். சில ஆண்டுகளுக்குள் அது அனாதை இல்லம், பல தரப்பட்ட பள்ளிகள், அச்சகம், புத்தகக்கடை, மருந்தகம் ஆகியவற்றைக் கொண்ட பெரும் வளாகமாக வளர்ந்தது. இங்கு உருவாக்கப்பட்ட மருந்துகள் பல நாடுகளில் விற்பனையாயின. அவ்வருவாயும் நன்கொடைகளுமே நிறுவனத்தைத் தாங்கின.

தரங்கம்பாடி மிஷனுக்கு ஹாலே மூன்று வகைகளில் உதவியது. முதலாவதாக, மிஷனரிகளைத் தெரிவு செய்து பயிற்றுவித்தது. ஒன்றே கால் நூற்றாண்டில் வந்து பணியாற்றிய ஐம்பதுக்கும் மேற்பட்ட மிஷனரிகளுள் மிகப் பெரும்பாலோர் ஹாலேயுடன் தொடர்புடைய செருமானியர்களே ஆவர். இரண்டாவதாக, செருமனியிலும் பிற நாடுகளிலும் உள்ள நன்கொடையாளர்களிடமிருந்து பணம் திரட்டியது. மூன்றாவதாக, மிஷனரிகளின் கடிதங்களை அச்சிட்டுப் பரப்பியது. பிராங்கே 1727 ஆம் ஆண்டில் மறைந்த பின்னர் அவருடைய மகன் கோட்டில்ப் ஆகசுட்டு பிராங்கே 1769 ஆம் ஆண்டு வரை இப்பணியைத் தொடர்ந்தார்.

ஹாலேயின் கவனம் இந்தியாவுடன் நின்றுவிடவில்லை. சால்சுபர்க்கிலிருந்து துரத்தப்பட்டு 1734 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சியார்சியாவில் குடியேறிய லுத்தரன் அகதிகளுக்கும் ஹாலே குருமார்களை அனுப்பியது. 1742 ஆம் ஆண்டில் பென்சில்வேனியாவுக்குச் சென்று அமெரிக்க லுத்தரன் சபையின் தந்தை எனப் பெயர்பெற்ற என்றி மெல்க்கியோர் முலென்பர்க்கும் ஹாலேயினால் அனுப்பப்பட்டவரே.

இலண்டன்

1698 ஆம் ஆண்டில் இலண்டனில் நிறுவப்பட்ட கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் (எஸ்.பி.சி.கே) ஆங்கிலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தது. அந்நாளில் இங்கிலாந்தின் அரசியாக இருந்த ஆன் அம்மையாரின் கணவர் டென்மார்க் இளவரசர் சியார்ச்சு ஆவார். அவருடைய குருவாக அன்டன் வில்லெம் பொமே என்னும் ஹாலே மரபைச் சேர்ந்த செருமானியர் பணியாற்றினார். இவர் தரங்கம்பாடிக் கடிதங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1709 ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதைப் படித்த கழகத்தினர் மறு ஆண்டே மிஷனுக்கு உதவ முடிவு செய்து, தனி நிதி ஒன்றை ஏற்படுத்தினர்.

ஆங்கிலிக்கக் கழகம் லுத்தரன் மிஷனுக்கு உதவியது அக்காலத்தில் வழக்கத்திற்கு மாறானது ஆகும். ஆங்கிலேயர் யாரும் மிஷனரியாக வர முன்வராத நிலையில், ஆட்கள் செருமனியிலிருந்தும் பணம் இங்கிலாந்திலிருந்தும் வந்தன. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல்களில் மிஷனுக்கான பொருள்களைக் கட்டணமின்றி அனுப்பும் சலுகையையும் கழகம் பெற்றுத் தந்தது. 1709 முதல் 1720 வரை டென்மார்க் சுவீடனுடன் போரில் ஈடுபட்டிருந்தமையால் டேனியக் கப்பல்கள் அரிதாகவே வந்தன. அந்த ஆண்டுகளில் சென்னைக்கு வந்த ஆங்கிலேயக் கப்பல்களே மிஷனின் உயிர்நாடியாக இருந்தன.

தொடக்கக் காலத் துன்பங்கள்

ஐரோப்பாவில் ஆதரவு இருந்தபோதிலும் தரங்கம்பாடியில் மிஷனரிகள் எதிர்ப்பையே சந்தித்தனர். சமயப்பணி வணிகத்துக்கு ஊறு விளைவிக்கும் எனக் கம்பனி அதிகாரிகள் கருதினர். கோட்டைத் தளபதி ஆசியசுக்கும் சீகன்பால்குக்கும் இடையே பூசல் முற்றி, 1708 நவம்பரில் சீகன்பால்க் சிறையில் அடைக்கப்பட்டார். நான்கு மாதங்களுக்குப் பின்னரே விடுவிக்கப்பட்டார். அரசரின் ஆணையுடன் வந்தவரை அதே அரசரின் கொடியின் கீழ் இருந்த அதிகாரி சிறையிட்டது, தொலைவில் இருந்து தரப்படும் ஆதரவின் வரம்பைக் காட்டியது.

பண முடையும் கடுமையாக இருந்தது. பள்ளி மாணவர்களுக்கு உணவும் உடையும் மிஷனே வழங்கியது. 1707 ஆம் ஆண்டிலேயே ஆண்களுக்கும் பெண்களுக்கும் பள்ளிகள் தொடங்கப்பட்டிருந்தன. அவ்வாண்டு ஆகசுட்டு 14 அன்று முதல் சிற்றாலயமும் திறக்கப்பட்டது. மிஷனரிகள் தம் ஊதியத்தையே இவற்றுக்குச் செலவிட்டனர். 1708 ஆம் ஆண்டில் ஐரோப்பாவிலிருந்து அனுப்பப்பட்ட பணம் கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுவரப்படும்போது கடலில் மூழ்கிப் போயிற்று. தரங்கம்பாடியில் துறைமுக மேடை கிடையாது. பெருங்கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, பொருள்கள் படகுகளில் அலைகளைக் கடந்து கரைசேர வேண்டியிருந்தது. 1709 ஆம் ஆண்டில் யோவான் எர்னசுட்டு குருண்ட்லர் முதலிய மிஷனரிகள் பணத்துடன் வந்து சேர்ந்த பின்னரே நிலைமை சீரடைந்தது.

அச்சகம்

ஐரோப்பிய உதவியின் மிகப் பெரிய பயன் அச்சகம் ஆகும். சீகன்பால்க் 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்க்கத் தொடங்கி 1711 மார்ச்சில் முடித்தார். ஓலையில் எழுதிப் படியெடுப்பது காலமும் பணமும் மிகுதியாகப் பிடித்தது. ஆகவே அவர் ஐரோப்பாவிலிருந்து அச்சுப்பொறி வேண்டினார்.

1711 ஆம் ஆண்டில் கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் ஓர் அச்சுப்பொறி, உரோம எழுத்துகள், தாள், போர்த்துக்கேய மொழி நூல்கள் ஆகியவற்றுடன் யோனாசு பிங்க் என்னும் அச்சுத் தொழிலாளரையும் அனுப்பியது. அவர் சென்ற கப்பல் பிரேசில் கரையில் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கியது. அச்சுப்பொறி தப்பியது. ஆனால் பிங்க் காய்ச்சலால் வழியிலேயே இறந்தார். 1712 ஆம் ஆண்டில் அச்சுப்பொறி மட்டுமே வந்து சேர்ந்தது. அதை இயக்க ஆள் இல்லாத நிலையில், டேனியக் கம்பனியில் பணிபுரிந்த, அச்சுத் தொழில் அறிந்த படைவீரர் ஒருவரைக் கொண்டு போர்த்துக்கேய மொழியில் அச்சிடும் பணி தொடங்கியது.

தமிழ் எழுத்துகள் ஹாலேயில் வார்க்கப்பட்டன. இவற்றுடன் யோவான் கோட்லீப் ஆட்லர் 1713 ஆம் ஆண்டில் தரங்கம்பாடி வந்தார். தமிழ் அறியாத செருமானியக் கைவினைஞர்கள், அனுப்பப்பட்ட வரிவடிவங்களைப் பார்த்து எழுத்துகளைச் செய்தனர். அவை அளவில் பெரியவையாக இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. தாளோ கடல் கடந்து வர வேண்டிய அரிய பொருள். ஆகவே ஆட்லர் உள்ளூரிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈயம் இதற்குப் பயன்படுத்தப்பட்டது என்று கூறப்படுவதுண்டு. 1714 ஆம் ஆண்டில் நான்கு நற்செய்தி நூல்களும் அப்போசுதலர் நடபடிகளும், 1715 ஆம் ஆண்டில் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சிடப்பட்டன. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு இதுவே. ஏறத்தாழ அதே காலத்தில் பொறையாறில் காகித ஆலையும் அமைக்கப்பட்டது.

எழுத்தும் தாளும் வெளிநாட்டிலிருந்து வரும் வரை காத்திராமல் இங்கேயே செய்துகொள்ள முயன்றமை கவனிக்கத்தக்கது. உதவி பெற்ற பணி, உதவி தாமதமானாலும் நின்றுவிடாதிருக்க எடுக்கப்பட்ட முதல் முயற்சிகளுள் இதுவும் ஒன்று.

கடிதங்களும் அறிக்கைகளும்

நன்கொடையாளர்கள் தரங்கம்பாடியைக் கண்டதில்லை. அவர்களுக்கும் மிஷனுக்கும் இடையே பாலமாக இருந்தவை அச்சிடப்பட்ட கடிதங்களே. 1710 ஆம் ஆண்டு முதல் ஹாலேயில் வெளிவந்த இவ்வெளியீடு ஹாலே அறிக்கைகள் என்று அறியப்படுகிறது. 1772 ஆம் ஆண்டு வரை 108 பகுதிகள் வெளிவந்தன. புதிய தொடர் ஒன்று 1776 முதல் 1848 வரை வெளிவந்தது. சீர்திருத்தக் கிறித்தவ உலகின் மிகப் பழைய மிஷன் இதழாக இது கருதப்படுகிறது.

இவற்றில் ஞானஸ்நானம் பெற்றோர் எண்ணிக்கை, பள்ளிகளின் நிலை, செலவுக் கணக்கு ஆகியவற்றுடன் தமிழ்நாட்டின் சாதி அமைப்பு, திருவிழாக்கள், வேளாண்மை, மருத்துவம், பஞ்சம், போர் ஆகியனவும் இடம்பெற்றன. 1712 முதல் 1714 வரை தமிழர்கள் பலர் சமயம், வாழ்வியல் தொடர்பான வினாக்களுக்கு எழுதிய விடைகள் செருமன் மொழியில் பெயர்க்கப்பட்டு இவ்வறிக்கைகளில் அச்சாயின. இவை மலபார்க் கடிதங்கள் எனப்படுகின்றன. அக்கால ஐரோப்பியர் தமிழ் மொழியை மலபார் மொழி என்றே குறிப்பிட்டமை இப்பெயருக்குக் காரணம் ஆகும்.

இவ்வறிக்கைகளை வரலாற்றுச் சான்றாகப் பயன்படுத்துவோர் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். கடிதங்கள் அப்படியே அச்சிடப்படவில்லை. ஹாலேயின் பதிப்பாசிரியர்கள் அவற்றைத் திருத்தியும் சுருக்கியும் வெளியிட்டனர். மிஷனரிகளிடையே இருந்த பூசல்கள், நன்கொடையாளர்களின் ஆர்வத்தைக் குறைக்கக்கூடிய செய்திகள் முதலியன நீக்கப்பட்டன. அச்சில் வராத மூலக் கடிதங்கள் இன்றும் ஹாலேயின் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. தமிழ் ஓலைச்சுவடிகளும் அங்குப் பாதுகாக்கப்பட்டுள்ளன.

உதவியும் கட்டுப்பாடும்

பணம் தருவோர் பணியின் போக்கையும் முடிவு செய்ய முற்படுவது இயல்பு. தரங்கம்பாடி மிஷனின் வரலாற்றில் இது பலமுறை சிக்கலை உண்டாக்கியது.

தெய்வங்களின் வரலாறு: சீகன்பால்க் தமிழ்நாட்டுத் தெய்வங்களைப் பற்றி விரிவான நூல் ஒன்றை 1713 ஆம் ஆண்டில் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். தாம் பணியாற்றும் மக்களின் சமயத்தைச் சரியாக அறிவது இன்றியமையாதது என்பது அவர் கருத்து. மிஷனரிகள் அனுப்பப்பட்டது பிற சமயத்தை அகற்றவே அன்றி அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அன்று எனக் கருதிய பிராங்கே அதை வெளியிடவில்லை. அந்நூல் 1867 ஆம் ஆண்டில்தான் சென்னையில் வில்லெம் கெர்மன் என்பவரால் பதிப்பிக்கப்பட்டது.

செயலாளர் வெண்டின் கொள்கை: கோபன்ஹேகன் ஆட்சிக்குழுவின் செயலாளரான கிறித்தியன் வெண்ட், மிஷனரிகள் முதல் நூற்றாண்டு அப்போசுதலரைப் போல உடைமையின்றி ஊர் ஊராகச் சென்று போதிக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். கோயில், பள்ளி, கட்டடங்கள் ஆகியவற்றுக்குச் செலவிடுவதை அவர் கண்டித்தார். சீகன்பால்கோ 1718 அக்டோபரில் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டி முடித்திருந்தார். பள்ளியும் மாணவர் விடுதியும் இன்றி நிலையான சபை உருவாகாது என்பது களத்தில் இருந்தோரின் அனுபவம். கடும் கண்டனக் கடிதங்கள் வந்தபோது சீகன்பால்க் நோயுற்றிருந்தார். அவர் 1719 பெப்ரவரி 23 அன்று தமது 36 ஆம் வயதில் காலமானார். குருண்ட்லரும் மறு ஆண்டு மார்ச்சில் மறைந்தார். நேரில் சில மணி நேரம் பேசித் தீர்த்திருக்கக்கூடிய கருத்து வேறுபாடு, கடிதப் போக்குவரத்தின் தாமதத்தால் ஆண்டுக்கணக்கில் நீண்டது.

பப்ரிசியசின் கடன்: 1740 ஆம் ஆண்டில் வந்து சென்னையில் நெடுங்காலம் பணியாற்றிய யோவான் பிலிப்பு பப்ரிசியசு சிறந்த தமிழறிஞர். அவருடைய விவிலிய மொழிபெயர்ப்பு லுத்தரன் சபையில் நெடுங்காலம் போற்றப்பட்டது. 1779 ஆம் ஆண்டில் தமிழ்-ஆங்கில அகராதியையும் வெளியிட்டார். ஐரோப்பாவிலிருந்து வரும் பணம் ஒழுங்காக வராதமையால், மிஷனின் பணத்தையும் பிறர் நம்பி ஒப்படைத்த பணத்தையும் வட்டிக்குக் கொடுக்கும் வழக்கம் அன்று இருந்தது. கடன் பெற்றோர் திருப்பித் தராமற் போகவே பெரும் இழப்பு ஏற்பட்டது. 1780களில் முதியவரான பப்ரிசியசு கடனுக்காகச் சிறை செல்ல நேர்ந்தது. அவர் 1791 ஆம் ஆண்டில் காலமானார். மொழிப்பணியில் தேர்ந்த ஒருவரிடம் தக்க கணக்கு மேற்பார்வை இன்றி நிதிப் பொறுப்பும் சேர்ந்திருந்ததன் விளைவாக இதைக் கருதலாம்.

உள்ளூர்ப் பணியாளர்கள்

ஐரோப்பிய அறிக்கைகளில் மிஷனரிகளின் பெயர்களே முன்னிற்கின்றன. ஆனால் நாள்தோறும் ஊர்களுக்குச் சென்று போதித்தவர்களும் பள்ளிகளில் கற்பித்தவர்களும் பெரும்பாலும் தமிழர்களே. இவர்கள் உபதேசியார் என அழைக்கப்பட்டனர். தரங்கம்பாடிக்கு வெளியே தஞ்சை மராத்திய மன்னரின் ஆட்சிப்பகுதியில் ஐரோப்பியர் தடையின்றிச் செல்ல இயலாத காலத்தில், அங்குச் சபைகளை உருவாக்கியவர்கள் இராசநாயக்கன் போன்ற உபதேசியார்களே.

உபதேசியார்களைப் பயிற்றுவிக்க 1716 ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. கடலூரில் பிறந்த ஆறுமுகம் என்பவர் 1718 ஆம் ஆண்டில் ஆரோன் என்னும் பெயருடன் ஞானஸ்நானம் பெற்று உபதேசியாராகப் பணியாற்றினார். 1733 டிசம்பர் 28 அன்று அவருக்குக் குருப்பட்டம் அளிக்கப்பட்டது. சீர்திருத்தத் திருச்சபையின் முதல் இந்தியக் குரு அவரே ஆவார். 1745 ஆம் ஆண்டில் அவர் இறந்தார்.

எனினும் மிஷனின் நிதியும் முடிவெடுக்கும் அதிகாரமும் ஐரோப்பியர் கையிலேயே இருந்தன. பதினெட்டாம் நூற்றாண்டு முழுவதும் குருப்பட்டம் பெற்ற தமிழர்கள் மிகச் சிலரே.

ஆங்கிலேய மிஷன்

1726 ஆம் ஆண்டில் பெஞ்சமின் சூல்ட்சே தரங்கம்பாடியை விட்டுச் சென்னை சென்றார். 1728 ஆம் ஆண்டு முதல் அவருடைய பணியைக் கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் முழுமையாக ஏற்றது. இவ்வாறு தோன்றியது ஆங்கிலேய மிஷன் எனப்பட்டது. 1737 ஆம் ஆண்டில் கடலூரிலும், பின்னர் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் ஆகிய இடங்களிலும் இது விரிவடைந்தது. பணியாற்றியவர்கள் ஹாலேயின் லுத்தரன் மிஷனரிகள். செலவை ஏற்றது ஆங்கிலிக்கக் கழகம்.

1761 ஆம் ஆண்டில் ஆங்கிலேயப் படை பாண்டிச்சேரியைக் கைப்பற்றியபோது அங்கிருந்து எடுத்துவரப்பட்ட அச்சுப்பொறி, அரசு வேலைகளையும் அச்சிட்டுத் தர வேண்டும் என்ற நிபந்தனையுடன் பப்ரிசியசிடம் கொடுக்கப்பட்டது. சென்னை வேப்பேரி அச்சகம் இவ்வாறே தோன்றியது.

ஆங்கிலேய மிஷனின் புகழ்பெற்ற பணியாளர் கிறித்தியன் பிரெடரிக் சுவார்ட்சு (1726-1798) ஆவார். 1750 ஆம் ஆண்டில் தரங்கம்பாடி வந்த இவர் 1767 ஆம் ஆண்டு முதல் கழகத்தின் ஆதரவில் திருச்சிராப்பள்ளியிலும், 1778 முதல் தஞ்சாவூரிலும் பணியாற்றினார். பின்னாளில் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோசி இவருடைய பராமரிப்பில் கல்வி பெற்றவர். சுவார்ட்சு தம் சேமிப்பை மிஷனுக்கே எழுதிவைத்தார்.

ஆதரவின் வீழ்ச்சியும் அதன் விளைவுகளும்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் செருமனியில் பகுத்தறிவுவாதம் செல்வாக்குப் பெற்றது. ஹாலேயில் மிஷன் பணிக்கு முன்வருவோர் குறைந்தனர், நன்கொடையும் குறைந்தது. நெப்போலியப் போர்க்காலத்தில் டென்மார்க் இங்கிலாந்தின் பகை நாடாயிற்று. 1808 முதல் 1815 வரை தரங்கம்பாடி ஆங்கிலேயர் வசம் இருந்தது. ஆதரவுச் சங்கிலியின் இரு கண்ணிகள் ஒன்றோடொன்று போரிட்டன.

1825 ஆம் ஆண்டளவில் கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் தன் பொறுப்பில் இருந்த சபைகளை நற்செய்தி பரப்பும் சங்கம் (எஸ்.பி.ஜி) என்னும் மற்றோர் ஆங்கிலிக்க அமைப்பிடம் ஒப்படைத்தது. அதனால் ஒரு நூற்றாண்டாக லுத்தரன் முறையில் வழிபட்டு வந்த சென்னை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி முதலிய இடங்களின் சபையினர் காலப்போக்கில் ஆங்கிலிக்கர் ஆயினர். இம்மாற்றம் இலண்டனில் முடிவு செய்யப்பட்டது. வழிபாட்டு முறையும் திருச்சபை உறவும், பணம் வந்த திசையைப் பொறுத்து மாறியமை இவ்வரலாற்றின் முதன்மையான படிப்பினைகளுள் ஒன்று.

ஹாலே மரபின் கடைசி மிஷனரியான ஆகசுட்டு பிரெடரிக் கேமரர் 1837 ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் இறந்தார். 1845 ஆம் ஆண்டில் டென்மார்க், தரங்கம்பாடியை உள்ளிட்ட தன் இந்தியக் குடியேற்றங்களை ஆங்கிலேயருக்கு 12.5 இலட்சம் ரூபாய்க்கு விற்றது.

லைப்சிக் மிஷனும் தற்சார்பும்

1836 ஆம் ஆண்டில் டிரெசுடனில் நிறுவப்பட்ட லுத்தரன் மிஷன் சங்கம் 1848 ஆம் ஆண்டில் லைப்சிக் நகருக்கு மாறியது. இதன் மிஷனரியான ஐன்ரிக் கோர்டசு 1840களின் தொடக்கத்தில் தரங்கம்பாடி வந்து, எஞ்சியிருந்த சபைகளைப் பேணினார். பின்னர் மிஷன் உடைமைகள் லைப்சிக் மிஷனிடம் ஒப்படைக்கப்பட்டன. சங்கத்தின் இயக்குநரான கார்ல் கிரவுல் தமிழகம் வந்து தமிழ் கற்று, தமிழ் நூல்களை ஐரோப்பாவுக்கு அறிமுகம் செய்தார். அரசரின் கொடைக்குப் பதிலாக லுத்தரன் சபையினர் சிறு சிறு தொகைகளாகத் தந்த பணமே இக்காலத்தில் மிஷனைத் தாங்கியது. சுவீடன் திருச்சபையும் இதில் பங்கேற்றது.

முதல் உலகப்போர் இவ்வமைப்பைக் குலைத்தது. செருமானிய மிஷனரிகள் பகை நாட்டினராகக் கருதப்பட்டு இந்தியாவிலிருந்து வெளியேற்றப்பட்டனர். லைப்சிக்கிலிருந்து பணமும் வரவில்லை. சுவீடன் மிஷனரிகள் பொறுப்பை ஏற்றனர். இச்சூழலில் 1919 சனவரி 14 அன்று தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தன்னாட்சி பெற்ற திருச்சபையாக உருவாயிற்று. 1921 ஆம் ஆண்டில் சுவீடனைச் சேர்ந்த எர்னசுட்டு இயூமன் அதன் முதல் பேராயர் ஆனார். 1956 சனவரி 14 அன்று இராசா பி. மாணிக்கம் முதல் இந்தியப் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். முதல் தமிழ்க் குருவுக்கும் முதல் தமிழ்ப் பேராயருக்கும் இடையே 222 ஆண்டுகள் கடந்திருந்தன.

இரண்டாம் உலகப்போரில் மீண்டும் செருமானிய மிஷன்களின் தொடர்பு அறுந்தது. இவ்வாறு ஆதரவிழந்த பணிகளுக்குப் பிற நாட்டு லுத்தரன் சபைகள் உதவ வேண்டியதன் தேவை, 1947 ஆம் ஆண்டில் சுவீடனின் லுந்து நகரில் உலக லுத்தரன் கூட்டமைப்பு தோன்றியதற்கான காரணங்களுள் ஒன்றாகும். அனுப்பும் சபை, பெறும் சபை என்ற பழைய பாகுபாட்டுக்கு மாறாகச் சபைகள் சமநிலையில் பங்காளிகளாக இயங்க வேண்டும் என்னும் கருத்து அதன்பின் வலுப்பெற்றது.

மதிப்பீடு

தரங்கம்பாடி மிஷனின் வரலாற்றில் நீடித்து நின்றவை எவை என்று நோக்கும்போது ஒரு பொதுத்தன்மை புலப்படுகிறது. உள்ளூர் மொழியிலும் உள்ளூர் மக்களிடமும் செய்யப்பட்ட முதலீடுகளே நிலைத்தன. எழுத்து வார்ப்பு, மொழிபெயர்ப்பு, அகராதி, பள்ளி, உபதேசியார் பயிற்சி ஆகியன ஆதரவாளர்கள் மாறியபோதும், ஆட்சிகள் மாறியபோதும் தொடர்ந்தன. மாறாக, தொலைவில் இருந்து வந்த கட்டளைகள் பலவும் களத்தின் நிலையை அறியாமல் பிறந்தவை. அதே வேளையில் அரசரின் நிலையான கொடையும் இலண்டனின் கப்பல் சலுகையும் ஹாலேயின் கடித வலைப்பின்னலும் இன்றி இப்பணி தொடக்க ஆண்டுகளைத் தாண்டியிருக்க இயலாது என்பதும் உண்மையே.

புதிய எருசலேம் ஆலயம் இன்றும் தரங்கம்பாடியில் வழிபாட்டில் உள்ளது. அதன் முகப்பில் நான்காம் பிரெடரிக்கின் முடியுடன் கூடிய பெயர்ச்சின்னம் காணப்படுகிறது. ஆலயத்தினுள் சீகன்பால்க் அடக்கம் செய்யப்பட்டுள்ளார்.

காலவரிசை

1616 - டேனியக் கிழக்கிந்தியக் கம்பனி நிறுவப்படுதல்
1620 - தரங்கம்பாடி டேனியர் வசமாதல்
1706 - சீகன்பால்க், புளுட்சோ ஆகியோரின் வருகை
1710 - ஹாலே அறிக்கைகள் வெளிவரத் தொடங்குதல். இலண்டன் கழகத்தின் ஆதரவு
1714 - கோபன்ஹேகனில் மிஷன் ஆட்சிக்குழு அமைதல்
1715 - தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சிட்டு முடிதல்
1718 - புதிய எருசலேம் ஆலயம் திறக்கப்படுதல்
1719 - சீகன்பால்க் மறைவு
1728 - சென்னையில் ஆங்கிலேய மிஷன்
1733 - ஆரோன் குருப்பட்டம் பெறுதல்
1798 - சுவார்ட்சு மறைவு
1845 - தரங்கம்பாடி ஆங்கிலேயருக்கு விற்கப்படுதல்
1919 - தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவாதல்
1956 - முதல் இந்தியப் பேராயர் திருநிலைப்படுத்தப்படுதல்